அத்தி கேட்டேன்... அத்திதான் கொடுத்தார்!

அத்தி பூத்தாற்போல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் சட்டைப் பையில் ஆயிரம் ரூபாய் முழுசாக இருந்தது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவன் கையில் பணம் தங்கினால், ஒன்று ஓட்டல் சாப்பாடு, இல்லையென்றால் விபரீதம். அன்றைக்கு விபரீதம்.

ஸ்கூட்டரை எடுத்தேன். ஓசூரைத் தாண்டி, ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குள் அத்திப்பள்ளி. ஊர்ப் பேரிலேயே அத்தி இருக்கிறதே, நல்ல சகுனம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ரோட்டோர நர்சரி ஒன்றில் வண்டியை நிறுத்தி, "அத்திக் கன்று இருக்கா?" என்றேன்.

"அத்தியா? இதே ஸார், இதே!"

கன்னடத்தில் 'இதே' என்றால் 'இருக்கிறது'. அந்த அளவுக்கு எனக்கும் கன்னடம் வரும். "நல்ல ரகமா?" என்று கேட்டேன். "ஒள்ளே ஜாத்தி" என்றார். 250 ரூபாய். பேரம் பேசாமல் வாங்கி, கால் நடுவில் இடுக்கிக்கொண்டு, மாநிலம் விட்டு மாநிலம் கடத்துகிற பெருமிதத்தோடு வீடு வந்து சேர்ந்தேன்.

கன்று ஒரே வருஷத்தில் என் உயரத்துக்கு வந்துவிட்டது. வீட்டு ஓனர் முறைக்க ஆரம்பித்தார். 'பழம் வரட்டும் சார், முதல் பங்கு உங்களுக்குத்தான்' என்று சமாளித்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்தத் தம்பி வந்தான். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. சொந்த ஊர் தேன்கனிக்கோட்டைப் பக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் சண்டை போடுவான். இலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

"ணா, இது அத்தி."

"நானும் அதைத்தானே ஒரு வருஷமா சொல்லிட்டிருக்கேன்!"

"இது அத்திணா. நீங்க வாங்கப் போனது அஞ்சூர!"

விஷயம் இதுதான். தமிழில் நாம் இரண்டு மரத்தையும் 'அத்தி' என்றே கூப்பிடுகிறோம். ஏரிக்கரையில் நடுமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கிறதே, அது நாட்டு அத்தி. கடையில் நாரில் கோத்து மாலையாகத் தொங்குகிறதே, அது சீமை அத்தி. கன்னடக்காரருக்கு நாட்டு அத்தி மட்டும்தான் 'அத்தி'. சீமை அத்தி 'அஞ்சூர'. தெலுங்கில் நாட்டு அத்திக்கு 'மேடி' என்று தனிப் பெயரே உண்டு. ஆக, நர்சரிக்காரர் என்னை ஏமாற்றவில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்!

"இலையைப் பார்த்தாலே தெரியுமேணா. சீமை அத்தி இலை கை விரிச்ச மாதிரி பிளந்திருக்கும். தடவினா உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். இது மாவிலை மாதிரி முழுசா, வழவழன்னு இருக்கு." பி.காம். படித்தவனுக்கு எல்லா இலையும் பச்சைதான் என்று நான் சொல்லவில்லை.

மொட்டை மாடியில் 14 டிரம்

மறுநாள் தம்பியின் மொட்டை மாடிக்குப் போனேன். அறுத்த பிளாஸ்டிக் டிரம்கள் 14. எல்லாவற்றிலும் சீமை அத்தி. ஒவ்வொன்றிலும் ஒரு அலுமினியத் தகடு. அதில் பெயர் இல்லை, வெறும் நம்பர். "பேரு எங்கே?" என்று கேட்டதும், பையன் சிரித்தான். கொஞ்சம் சோகச் சிரிப்பு.

ஆரம்பத்தில் அவனும் பெயருக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறான். பிளாக் மிஷன், பிரவுன் டர்க்கி, கானட்ரியா என்று போனில் படம் பார்த்து, ஓவர்டைம் காசில் ஒவ்வொரு குச்சியாக வாங்கினான். மொத்தம் 11 பெயர். இரண்டு வருஷம் கழித்துக் காய்த்தபோது பார்த்தால், 11 பெயரில் உண்மையாக வேறு வேறு மரம் நாலே நாலு! மீதியெல்லாம் அதே பழம், வேற சட்டை.

விற்றவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்லிவிட முடியாது. குழப்பம் பழசு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஐரா காண்டிட் என்பவர் 1955-ல் அத்தி ரகங்களுக்கென்றே ஒரு பெரிய நூல் வெளியிட்டார். 600-க்கும் மேற்பட்ட ரகங்களை விவரித்திருக்கிறார். ஒரே மரம் ஊருக்கு ஒரு பெயரோடு திரிவதும், வேறு வேறு மரங்கள் ஒரே பெயரில் விற்பதும் அதிலேயே அலசப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் 'பிரவுன் டர்க்கி' என்பது ஒரு மரம்; கலிஃபோர்னியாவில் அதே பெயரில் இன்னொரு மரம். அந்த நாட்டிலேயே அப்படி என்றால், நம்ம ரோட்டோர நர்சரியில் மழையில் நனைந்த லேபிளை என்ன சொல்ல?

ஆண் பிள்ளை பிறந்தால் அழ வேண்டிய இடம்

பெயர் மாறினால் போகட்டும், பழமாவது வருமே என்கிறீர்களா? அங்கேதான் பெரிய ஆபத்து.

அத்திப் பழம் என்று நாம் கடிப்பது உண்மையில் பூக்களின் மூட்டை. உள்பக்கமாகப் பூப்பதால்தான் யாரும் அத்திப்பூவைப் பார்த்ததில்லை. சீமை அத்தியில் ஆண் மரம் உண்டு. அது குளவி குடியிருக்கிற மரம், நாம் சாப்பிட உதவாது. பெண் மரங்களில் ஒரு சாதி, குளவி மகரந்தம் கொண்டுவந்தால்தான் காய்க்கும். இன்னொரு சாதி குளவியே வேண்டாம் என்று தானாகவே காய்க்கும். நம் பக்கத்தில் பயிராகும் புனே அத்தி இந்தக் கடைசி சாதி.

1880-களில் கலிஃபோர்னியா விவசாயிகள் துருக்கியின் ஸ்மிர்னாவிலிருந்து (இன்றைய இஸ்மிர்) உயர்ந்த ரகக் குச்சிகளைத் தருவித்து நட்டார்கள். மரம் வளர்ந்தது. பிஞ்செல்லாம் உதிர்ந்தது. துருக்கிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் குச்சி சரியான குச்சிதான். கூட வர வேண்டிய குளவிதான் வரவில்லை! 1899-ல் ஃபிரெஸ்னோவில் குளவியைக் கொண்டுவந்து நிலைநிறுத்திய பிறகே பழம் நின்றது. 'கலிமிர்னா' என்று அதற்குப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே 'துருக்கி ஒரிஜினல்' என்று யாராவது குச்சி நீட்டினால், "குளவியும் சேர்த்துத் தருவீங்களா?" என்று கேளுங்கள். கடையில் வாங்கிய உலர் அத்தியின் விதையைப் போட்டு முளைக்க வைப்பதும் வேண்டாம். முளைப்பதில் சுமார் பாதி ஆணாகப் போகும்; பெண்ணாக வருவதிலும் குளவிக்குக் காத்திருக்கிற ரகமே அதிகம் இருக்கும். மூணு வருஷம் தண்ணீர் ஊற்றிவிட்டு நிழலில் உட்கார வேண்டியதுதான்.

குச்சிதான் நம்பிக்கை. தாய்மரம் எதுவோ அதுவேதான் குச்சியில் வரும். ஜெரிகோவுக்குப் பக்கத்தில் கிடைத்த, சுமார் 11,400 வருஷம் பழமையான அத்திப் பழங்கள் குச்சி நட்டு வளர்த்த மரத்தில் காய்த்தவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2006-ல் எழுதினார்கள். மனுஷன் நெல் விதைக்கும் முன்பே குச்சி கேட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறான் போலிருக்கிறது!

தளி ரோட்டில் ஒரு பாடம்

தம்பிக்கு நம்பர் போடுகிற யோசனை எங்கிருந்து வந்தது? நம்ம ஓசூர் தளி ரோட்டிலிருந்துதான். மத்தியப் பட்டு வாரியத்தின் மரபு வள மையம் அங்கே இருக்கிறது. பட்டுப்புழு தின்கிற மல்பெரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். மல்பெரியும் அத்தியும் ஒரே குடும்பம், பங்காளிகள். அங்கே ஒவ்வொரு வகைக்கும் நம்பர். உள்நாட்டுக்கு 'எம்.ஐ.', வெளிநாட்டுக்கு 'எம்.இ.' என்று தொடங்கும். இலை, மொட்டு, பழம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். பெயர் யார் வேண்டுமானாலும் வைக்கலாம். நம்பருக்குப் பின்னால் ஒரு ரிஜிஸ்டர் இருந்தாக வேண்டும்.

தம்பியின் நோட்டும் அப்படித்தான். பி.காம். கண்ணுக்கு அது சாட்சாத் ஸ்டாக் ரிஜிஸ்டர். எந்தத் தேதியில் யாரிடம் வாங்கியது, பழைய கிளையில் காய்த்ததா புதுக் கிளையிலா, தோல் நிறம், உள்ளே சதை நிறம், கழுத்து நீளமா குட்டையா, காம்பு எவ்வளவு, அடியில் இருக்கிற 'கண்' திறந்ததா மூடியதா... இலையை மட்டும் நம்பவே மாட்டான். "ஒரே கிளையில மூணு விரல் இலையும் இருக்கும், அஞ்சு விரல் இலையும் இருக்கும்ணா." சந்தேகப்பட்ட இரண்டு மரங்களை ஒரே மண், ஒரே வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு சீசன் பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

அந்த 'கண்' ரொம்ப முக்கியம். சுமார் 900 மீட்டர் உயரத்தில் ஓசூரின் குளுகுளு அத்திக்குப் பிடிக்கும், மழைதான் பிடிக்காது. கண் அகலமாகத் திறந்த ரகத்தில் மழைத் தண்ணீரும் பூச்சியும் இறங்கி, பழம் புளித்துப் போகும். ஈரத்தில் துரு நோய் வந்து இலை மொத்தமும் கொட்டும். அதனால் பாரிஸில் பரிசு வாங்கிய ரகத்தைவிட, பக்கத்து ஊரில் பழம் தந்த ரகமே மேல். புனே மாவட்டத்தின் புரந்தர் அத்திக்கு 2016-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. கர்நாடகத்தில் பெல்லாரியும், ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கத்துக் கஞ்சாமும் அத்திக்குப் பேர்போன இடங்கள்.

"வெளிநாட்டுக்குப் போற பிரெண்டு சூட்கேஸ்ல ரெண்டு குச்சி..." என்று இழுத்தேன். பையன் முகம் மாறிவிட்டது. 2003-ம் வருஷத்துத் தாவரத் தொற்றுத்தடுப்பு உத்தரவுப்படி, அனுமதியும் நோயில்லாச் சான்றிதழும் இல்லாமல் குச்சி கொண்டுவரக் கூடாது. காரணமும் சொன்னான். 2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி வெளிநாட்டுச் சரக்கு. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று தோட்டம் தோட்டமாக வெளுத்தது. 2010-ல் போர்ட்டோ ரிகோவிலிருந்து ஒரு குட்டிக் குளவியைத் தருவித்து விட்ட பிறகுதான் அடங்கியது. "எங்க மாமா மல்பெரித் தோட்டத்தை வேரோட பிடுங்கினாருணா" என்றான். நான் சூட்கேஸை மூடிவிட்டேன்.

வாங்கும் முன் கேட்க நாலு கேள்வி

1. தாய்மரத்தைப் பார்க்கலாமா? முடியாது என்றால், விலையில் பாதி கற்பனைக்குத்தான்.

2. குச்சியா, விதைக் கன்றா? விதை என்றால் கும்பிடு போட்டு நகருங்கள்.

3. குளவி இல்லாமல் காய்க்குமா? இந்தப் பக்கத்தில் எங்கே காய்த்திருக்கிறது?

4. பெயர் தப்பு என்று பிறகு தெரிந்தால் என்ன செய்வீர்கள்? இதற்கு அவர் சிரித்தால், நீங்களும் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

அப்புறம் என் அத்தி? வீட்டு ஓனர் வாழ்த்துரை வழங்க, தம்பியும் நானும் அதைத் தோண்டி, வாடகை ஆட்டோவில் ஏற்றி, ஒரு ஏரிக்கரையில் கேட்டுக்கொண்டு நட்டுவிட்டு வந்தோம். காய்த்தால் ஏரிப் பறவைகளுக்கு விருந்து. 250 ரூபாயை 'தர்மக் கணக்கு' என்று எழுதிக்கொண்டேன்.

கிளம்பும்போது தம்பி பென்சில் கனத்தில் ஒரு ஜாண் குச்சி வெட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. போன மாசம் என் தொட்டியில் முதல் பழம். நாலாகப் பிளந்து ஒரு துண்டு ஓனருக்கும் கொடுத்தேன். சப்புக்கொட்டிக்கொண்டே, "பிரமாதம் சார்! என்ன ரகம்?" என்றார்.

"ஏழாம் நம்பர்" என்றேன்.

"இம்போர்ட்டட்டா?"

"ஆமா சார். ரெண்டாவது தெருவிலிருந்து!"