ஆபீஸுக்குப் போகும் பஸ்

சென்னைப் பட்டணத்தில் ஒருவரைப் பற்றி, "அவர் ஆபீஸுக்குப் போகிறார்" என்று சொன்னால், உடனே நம் மனக்கண் முன் ஒரு சித்திரம் தோன்றிவிடும். சலவைச் சட்டை, கையில் சாப்பாட்டுப் பாத்திரம், கடிகாரத்தின் மேல் ஒரு கண், பஸ் வரும் திசையின் மேல் மற்றொரு கண்! கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய காலம் முதலாகவே இந்த ஆபீஸ்காரரின் அவஸ்தைகளைப் பற்றி எழுத்தாளர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1953-ல் சென்னையில் டிராம் வண்டி நின்று போயிற்று. ஆனால் அவஸ்தையும் நிற்கவில்லை, எழுத்தும் நிற்கவில்லை.

விருதுநகர், சிவகாசிப் பக்கம் வந்து இதே வார்த்தையைக் கேட்கும் நேயர்கள் வேறொரு சித்திரத்தைத் தீட்டிக்கொள்ள வேண்டும். இங்கே "ஆபீஸ்" என்றால் தீப்பெட்டி ஆபீஸ். இல்லாவிட்டால் பட்டாசு ஆபீஸ். தொழிற்சாலையைத்தான் இவ்வட்டாரத்து ஜனங்கள் அவ்வளவு மரியாதையாக அழைக்கிறார்கள். அந்த ஆபீஸில் மேஜையும் இல்லை, நாற்காலியும் இல்லை. தரையில் உட்கார்ந்து திரி செருகுகிறவர்கள்தான் ஆபீஸ்காரிகள். அவர்கள் மாலையில் வீடு திரும்பும்போது பார்த்தால் சிலருடைய கைகளில் அலுமினியப் பொடி ஒட்டி, வெள்ளிப் பூச்சுப் பூசினாற்போல் மினுமினுக்கும். அந்த வெள்ளி எந்தச் சோப்புக்கும் எளிதில் மசிவதில்லை.

நாம் விருதுநகர்வாசி. உத்தியோகமோ சிவகாசிக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். ஆகையால் தினந்தோறும் இரண்டு பஸ் மாறிப் போகிறோம். முதல் பஸ் ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசி சேரும். அங்கே இறங்கி டவுன் பஸ் பிடிக்க வேண்டும். பதினைந்து வருஷங்களாக இந்தப் பிரயாணத்தைச் செய்து வருவதால், நமக்கு இந்தச் சாலைகளைப் பற்றிச் சிறிது பேசுவதற்குப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறோம்.

முதலில் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். பெரிய பட்டணங்களில் காலை வேளையில் கூட்டமெல்லாம் வெளியிலிருந்து ஊருக்குள் வந்து குவியும். இங்கேயோ ஒரு பெருங் கூட்டம் ஊரை விட்டுக் காட்டை நோக்கிப் போகும். கரிசல் மண்ணும் வேலமரமுமாய்க் கிடக்கும் பொட்டலில் பஸ் நிற்கும். பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வீடே இராது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தூக்குச் சட்டியுடன் இறங்கி ஒற்றையடிப் பாதையில் நடப்பார்கள். புதிதாக வந்தவர்கள், "இவர்கள் எங்கே போகிறார்கள்?" என்று திகைப்பார்கள்.

இதற்குக் காரணம் சட்டமே. 1884-ம் வருஷத்து வெடிமருந்துச் சட்டமும் அதன் கீழ் ஏற்பட்ட விதிகளும், மருந்து புழங்கும் தொழிற்சாலை குடியிருப்புகளிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்கின்றன. தொழிற்சாலைக்குள்ளேயும் ஒவ்வோர் அறைக்கும் இடைவெளி விட வேண்டும். ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக்கூடாது. மிகவும் நியாயமான ஏற்பாடு. ஓர் இடத்தில் தீப்பிடித்தால் ஊர் தப்ப வேண்டுமல்லவா? ஆனால் ஒரு விஷயத்தை நாம் மறந்துவிடுகிறோம். ஆபீஸை ஊரிலிருந்து பிரித்து வைத்தோமானால், ஆளை ஆபீஸில் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வண்டி வேண்டும். அந்த வண்டியும் ஆபீஸின் ஓர் அறையைப் போன்றதுதான். அறைக்கு விதி இருப்பதுபோல் வண்டிக்கும் நேரமும் ஒழுங்கும் இருந்தாக வேண்டும்.

இந்தத் தொழில் பிறந்ததே ஒரு பிரயாணத்தினால்தான். 1922-ம் வருஷத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்பதற்காகக் கல்கத்தாவுக்குப் போனார்கள். அப்போது சிவகாசிக்கு ரயில் கிடையாது. விருதுநகரிலிருந்து தென்காசிக்குச் செல்லும் பாதை 1927-ல்தான் திறக்கப்பட்டது. வானம் பொய்த்த சீமையில் பிறந்த அவ்விருவரும் வித்தையுடன் திரும்பி வந்தார்கள். நாளடைவில் இந்த வறண்ட மண்ணின் வெயிலே மூலதனமாயிற்று. அந்நிய நாட்டுத் தீப்பெட்டிகள் கடைவீதியை ஆண்ட காலத்தில் சுதேசித் தீப்பெட்டி தலை நிமிர்ந்தது. பின்னர் பட்டாசு வந்தது. அச்சுத் தொழில் வந்தது. இதை எண்ணி நாம் எல்லோரும் பெருமைப்படுவது சரியே.

ஆனால் அதே சாலையில் வேறொரு பிரயாணமும் நடந்தது. அதை எண்ணினால் பெருமைப்பட முடியாது.

நமக்கு எட்டு அல்லது ஒன்பது வயது இருக்கும். விடுமுறையில் சாத்தூர்ப் பக்கம் பாட்டி ஊருக்குப் போயிருந்தோம். விடிவதற்கு வெகு நேரம் முன்பு, நல்ல இருட்டில், தெருக்கோடியில் பஸ் ஊதும் சத்தம் கேட்டது. ஒரு மனிதர் கையில் டார்ச் விளக்குடன் வீடு வீடாய்க் கதவைத் தட்டிக்கொண்டு போனார். எதிர்வீட்டிலிருந்து, நம்மோடு முந்தின நாள் பாண்டி ஆடிய சிறுமியை அவள் தாயார் தோளில் சாத்திக்கொண்டு வந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தது. அதன் கையில் தூக்குச் சட்டி தொங்கியது. பஸ் நிறையக் குழந்தைகள். பஸ் போய்விட்டது.

உண்மையைச் சொன்னால், நமக்கு அப்போது பொறாமையாக இருந்தது! "அவர்களுக்கு மட்டும் ஏன் பாட்டி பஸ் வருகிறது?" என்று கேட்டோம்.

"அந்தப் பஸ்ஸிலே நீ ஏறக்கூடாதுன்னுதான் உங்கப்பன் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறான். பேசாமல் போய்ப் படுத்துக்கோய்யா" என்றாள் பாட்டி.

அந்தப் பதிலின் பொருள் பல வருஷங்களுக்குப் பின்னரே விளங்கிற்று. 1976-ல் தீப்பெட்டி வேலைக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற பஸ் ஒன்று விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் மாண்டார்கள். அதன் பிறகு ஹர்பன்ஸ் சிங் என்பவர் தலைமையில் விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அபாயகரமான தொழிலில் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு ரூ. 20,000 நிதியில் கட்ட வேண்டும் என்று அத்தீர்ப்புக் கூறியது. சட்டமும் தீர்ப்பும் மட்டுமின்றி, விருதுநகரில் பிறந்த காமராஜர் முதன்மந்திரியாக இருந்தபோது கிராமந்தோறும் திறந்த பள்ளிக்கூடங்களும், அங்கே போட்ட மத்தியானச் சோறும் பின்னால் வந்த மாறுதலுக்கு வழி வகுத்தன. இருட்டில் வந்த அந்தப் பஸ் கடைசியில் நின்று போயிற்று.

அதில் ஏறிப் போன குழந்தைகள் என்ன ஆனார்கள்? அவர்கள் இப்போது நாற்பது வயது தாண்டிய தாய்மார்கள். நம்மோடு டவுன் பஸ்ஸில் வருகிறார்கள்.

நம் வகுப்பில் பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தியின் தாயார் தினமும் அதே பஸ்ஸில் பட்டாசு ஆபீஸுக்குப் போகிறாள். ஒரு நாள் பேச்சுவாக்கில் நம் பாட்டி ஊர்க் கதையைச் சொன்னோம். அவள் சிரித்தாள்.

"நானும் அந்த மாதிரிப் பஸ்ஸிலே போனவதான் ஸார். ஏழு வயசு. பஸ்ஸிலே ஏறினது ஞாபகமே இருக்காது. இறங்கினதுதான் ஞாபகம் இருக்கும். இந்தப் பஸ்ஸிலே முழிச்சிக்கிட்டுப் போறேன். அது ஒரு சந்தோஷம்!"

அவள் கையில் கட்டணமில்லாச் சீட்டு இருந்தது. 2021 மே 8-ந் தேதி முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணம் வாங்கும் அரசு டவுன் பஸ்களில் பெண்கள் இலவசமாகப் பிரயாணம் செய்யலாம் என்று உத்தரவு ஏற்பட்டது. இதனால் பெண்களுக்கு மாதம் சராசரி ரூ. 888 மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்து சொல்லிற்று. பட்டணத்தில் உள்ளவர்களுக்கு இந்தத் தொகை அற்பமாகத் தோன்றலாம். நம் பள்ளிக்கூடத்துத் தாய்மார்களைக் கேட்டால் கணக்குச் சொல்வார்கள்: இத்தனை நாள் பால், இத்தனை நோட்டுப் புஸ்தகம், மகளுக்கு ஒரு ஜோடிச் செருப்பு. "ஏறு தாயி, உள்ளே போ தாயி" என்று கண்டக்டர் அழைக்கும்போது, கையில் காசு இருக்கிறதா என்று முந்தானை முடிச்சைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. அதுவே பெரிய விடுதலை.

ஆனால் கட்டணம் நீங்கிவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடுமா? பஸ் வர வேண்டுமே! அதுவும் வேண்டிய நேரத்தில் வர வேண்டுமே!

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் காலை பஸ் வரவில்லை. வழக்கமாகவே அது ஆபீஸ் நேரத்தை ஒட்டித்தான் வரும். அன்று அதுவும் இல்லை. அரை மணி காத்திருந்தோம். பெண்கள் முகத்தில் கவலை படர்ந்தது. அப்போது "குட்டி யானை" ஒன்று வந்து நின்றது. நேயர்கள் பயப்பட வேண்டாம். சின்னச் சரக்கு வண்டிக்கு இவ்வட்டாரத்தில் அப்படிப் பெயர். அட்டைப் பெட்டி ஏற்றும் அந்த வண்டியில் பதினெட்டுப் பெண்கள் ஏறினார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்ட விரோதம் என்று நாம் எடுத்துச் சொன்னோம். மாணவியின் தாயார் மேலே நின்றபடியே பதில் சொன்னாள்:

"சட்டம் எங்களுக்கும் தெரியும் ஸார். நேரம் தப்பினா உள்ளே விட மாட்டாங்க. விட்டாலும், எண்ணிக்கைக்குத்தான் கூலி. போன ஒரு மணி நேரத்தை யார் தருவா? கையை வேகமா ஓட்டித்தான் பிடிக்கணும்."

கடைசியில் சொன்னாளே, அந்த வார்த்தை நம்மை அன்று முழுவதும் உறுத்திக்கொண்டிருந்தது. கையை வேகமாக ஓட்டுவது என்றால் என்ன? வெடிமருந்துக் கலவை உராய்வினாலும் அதிர்ச்சியினாலும் தீப்பிடிக்கும் தன்மையுள்ளது என்று நாமே வகுப்பில் பாடம் நடத்துகிறோம். நிதானமே இந்தத் தொழிலின் முதல் காவல். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டதை இவ்வட்டாரம் மறக்கவில்லை. அன்று ஆசிரியர் தினம். ஆகையால் நமக்கு அந்தத் தேதி மறப்பதில்லை. ஒவ்வொரு விபத்துக்கும் ஒவ்வொரு காரணம் இருக்கலாம். ஆனால் அவசரமும் மருந்தும் ஓர் அறையில் கூடக்கூடாது என்பதில் யாருக்கும் அபிப்பிராய பேதம் இராது. பஸ் அரை மணி தாமதித்தால் அந்த அவசரம் பஸ்ஸோடு நிற்பதில்லை. அது இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நடந்து, மருந்து அறைக்குள்ளேயும் போய் உட்காருகிறது.

இங்கிலாந்தில் 1883-ம் வருஷத்தில் மலிவு ரயில் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். தொழிலாளிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் ரயில் விட வேண்டும் என்று அதில் விதித்தார்கள். அதோடு நில்லாமல், மாலை ஆறு மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையே, தொழிலாளி வேலைக்குப் போவதற்கும் திரும்புவதற்கும் தக்க நேரத்தில் அந்த ரயில்கள் ஓட வேண்டும் என்றும் சேர்த்தார்கள். கட்டணமும் நேரமும் இரண்டு மாடுகள் மாதிரி. ஒன்றை மட்டும் பூட்டினால் வண்டி நகராது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். நாம் ஒரு மாட்டைப் பூட்டிவிட்டோம். மற்றொன்றையும் பூட்ட வேண்டியதுதான் பாக்கி.

இதற்குப் பெரும் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. எந்த ஆபீஸ் எப்போது திறக்கிறது, எந்தக் கிராமத்திலிருந்து எத்தனை பேர் போகிறார்கள் என்ற கணக்கு முதலாளிகளிடம் இருக்கிறது. பஸ் நேரம் வகுப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கி, காலையில் இரண்டு நடையும் மாலையில் இரண்டு நடையும் அதற்கேற்ப மாற்றினால் போதும். சொந்த வண்டி விடும் முதலாளிகள், அதில் இருக்கைக்கு மேல் ஆள் ஏற்றுவதில்லை என்று உறுதி செய்துகொண்டால் போதும்.

இவ்வாறு வெறுமே உபதேசம் செய்துகொண்டிராமல், பெண்கள் கேட்டுக்கொண்டபடி நாமே ஒரு மனு எழுதினோம். காலை பஸ்ஸை அரை மணி முன்னதாக விட வேண்டும் என்பதே பிரார்த்தனை. பஸ் நிறுத்தத்தில் வைத்து எல்லோரிடமும் கையொப்பம் வாங்கினோம். மாணவியின் தாயார் முறை வந்தபோது, அவள் பள்ளிக்கூடம் காணாதவள் என்பது நினைவுக்கு வந்து, நாம் மைப்பெட்டியை எடுத்தோம்.

"கைநாட்டு வேண்டாம் ஸார்" என்றாள் அவள். "மக எழுதப் பழக்கியிருக்கா."

பேனாவை வாங்கி, முழங்காலின் மேல் காகிதத்தை வைத்து, வெள்ளி படிந்த விரல்களால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. கண்டக்டர் விஸில் ஊதவில்லை; அவள் எழுதி முடிக்கும் வரையில் காத்திருந்தார்.

மனு போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்.