மாட்டுக் காப்புறுதியும் இழப்பீட்டுக் கோரிக்கையும்

வெருகற் பகுதிக் கமக்காரருக்கு மாடு இன்றியமையாத செல்வமென்பது யாவரும் அறிந்ததே. வயலை உழக்கவும் சூடு மிதிக்கவும் எருமைகளையே நம்பியிருந்த காலம் கடந்துவிட்டது. அவ்வேலைகளை இன்று இயந்திரங்கள் செய்கின்றன. எனினும் பாலும் தயிரும் நாள்தோறும் பணம் தருகின்றன. பட்டியெரு மரக்கறித் தோட்டத்திற்கு உயிராக இருக்கின்றது. 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது அவ்வெருவின் அருமையைத் தோட்டக்காரர் நன்குணர்ந்தனர். விளைச்சல் பொய்த்த ஆண்டில் ஒரு நாகை விற்று அடுத்த போகத்துக்கு விதைநெல் வாங்குவதும் நம்மூர் வழக்கமேயாகும்.

இத்தகைய செல்வம் ஒரே இரவில் அழிந்துவிடவுங் கூடும். 2022ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் ‘மாண்டஸ்’ சூறாவளியையொட்டி வீசிய கடுங்குளிர் காற்றினால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் இறந்தன. 2025 நவெம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி இலங்கையைத் தாக்கியபோது மகாவலி பெருகி மூதூர், வெருகல் முதலிய தாழ்நிலங்களை மூழ்கடித்தது. இத்தகைய இழப்பினை ஓரளவேனும் ஈடுசெய்யும் வழிகளுள் ஒன்று காப்புறுதியாகும். ஆயினும் காப்புறுதி செய்தோர் எல்லோரும் இழப்பீடு பெறுவதில்லை. பணம் கட்டியும் வெறுங்கையுடன் திரும்பியோர் நம்மிடையே உளர். அதற்குக் காரணம் யாது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

காப்புறுதியின் வரலாறு

கால்நடைக் காப்புறுதி புதிய முறையன்று. சுவீடன் நாட்டில் 1890ஆம் ஆண்டிலேயே குதிரைகளுக்கும் மாடுகளுக்குமெனக் காப்புறுதிக் கம்பனி ஒன்று தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அந்நாட்டுக் கமக்காரன் குதிரையை இழப்பின் உழவையும் இழப்பான். ஆதலாலேயே அம்முறை அங்கு வேரூன்றியது. வீட்டில் வளர்க்கும் நாய்களுக்கும் காப்புறுதி செய்யும் வழக்கம் அதன் பின்னரே வந்தது.

நம் நாட்டில் நெற்பயிருக்கான காப்புறுதி 1958ஆம் ஆண்டில் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1961ஆம் ஆண்டின் பயிர்க் காப்புறுதிச் சட்டம் அதற்கு நிலையான உருவம் அளித்தது. 1973ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் கால்நடைகளையும் இத்துறையினுட் கொண்டுவந்தது. பின்னர் 1999ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபை அமைக்கப்பட்டது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். “வயலுக்குக் காப்புறுதி உண்டு, ஆகவே மாட்டுக்கும் உண்டு” எனச் சிலர் கருதுகின்றனர். பயிருக்கான காப்புறுதி பயிரை மட்டுமே சாரும். மாட்டுக்குத் தனியே விண்ணப்பித்துத் தனியே கட்டணஞ் செலுத்துதல் வேண்டும்.

கோரிக்கைகள் ஏன் தவறுகின்றன?

இப்பகுதியிற் பணியாற்றுங் காலத்தில் மாட்டுச் சொந்தக்காரர் பலர் தம் அனுபவங்களை எம்மிடங் கூறியுள்ளனர். அவற்றுள் மூன்றினை ஈண்டுத் தருகின்றோம்.

முதலாமவர் இரண்டு கறவைப் பசுக்களை வைத்திருந்த ஒரு தாய். ஒரு பசு இரவில் வயிறு ஊதி இறந்தது. துர்நாற்றம் வீசுமென அஞ்சி, அயலாரின் உதவியுடன் விடிவதற்குள் அதனைப் புதைத்துவிட்டார். மூன்றாம் நாள் காப்புறுதிக் காரியாலயத்துக்குச் சென்றபோது, “இறந்த மாட்டைப் பார்த்தவர் யார்? என்ன காரணத்தால் இறந்ததென்று சொன்னவர் யார்?” என்ற வினாக்களுக்கு அவரிடம் விடையில்லை. கோரிக்கை தள்ளப்பட்டது. அவர் பொய்யுரைக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் அறிந்ததைக் காகிதம் அறியவில்லை.

இரண்டாமவர் எட்டு எருமைகளுக்குக் காப்புறுதி செய்தவர். அவற்றின் காதுகளில் இலக்கத் தகடு இடப்பட்டது. ஓர் எருமையின் தகடு பற்றையிற் சிக்கி அறுந்து விழுந்தது. “பிறகு பார்ப்போம்” என அவர் வாளாவிருந்தார். நான்கு மாதங்களின் பின்னர் அவ்வெருமையே நோயுற்று இறந்தது. கறுப்பு எருமைகள் எட்டில் இது எதுவென நிறுவ இயலாமற் போயிற்று. இந்தியாவிலும் தகடின்றேல் இழப்பீடில்லை என்பதே கால்நடைக் காப்புறுதியின் கண்டிப்பான விதியாகும். உரிமையாளர் மாட்டின் முகத்தைக் கண்டே அதனை இனங்காண்பார். பரிசோதிக்க வரும் உத்தியோகத்தர் இலக்கத்தைக் கொண்டே இனங்காண்பார்.

மூன்றாமவர் இழப்பீடு பெற்றவர். அவரிடம் பாடசாலைக் கொப்பி ஒன்று இருந்தது. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தகட்டு இலக்கம், சுட்ட குறி, நிறம், கொம்பின் அமைப்பு, கன்றீன்ற திகதி, தடுப்பூசி ஏற்றிய திகதி ஆகியவற்றை அவருடைய மகள் எழுதி வைத்திருந்தாள். பசு இறந்த காலையிலேயே மிருக வைத்தியருக்கும் காப்புறுதிக் காரியாலயத்துக்கும் தொலைபேசியில் அறிவித்தார். தகடும் குறியும் தெரியுமாறு படம் எடுத்தார். வைத்தியர் வந்து பரிசோதிக்கும்வரை ஓலையால் மூடிக் காத்திருந்தார். பணம் கிடைக்கச் சில மாதங்கள் சென்றன. கிடைத்த தொகையும் சந்தை விலையிலும் குறைந்ததே. “முழு மாடு வரவில்லை; ஆனால் ஒரு கன்று வாங்கும் காசு வந்தது” என்று அவர் கூறினார். காப்புறுதியால் எதனை எதிர்பார்க்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

இம்மூவரும் கட்டணஞ் செலுத்தியவர்களே. இழப்பினும் வேற்றுமையில்லை. வேற்றுமை மாடு இறப்பதற்கு முன்னும், இறந்த அன்றும் அவர்கள் செய்த வேலையிலேயே இருந்தது. காப்புறுதிக் கோரிக்கையின் பெரும்பகுதி மாடு உயிருடன் இருக்கும்போதே எழுதப்படுகின்றதென்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

பெரும்போகமும் தூரத்துப் பட்டியும்

வெருகற் பகுதிக்கே உரிய இடர் ஒன்றுண்டு. பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டதும் மாடுகளைப் பயிர்நிலத்திலிருந்து அகற்றித் தூரத்து மேய்ச்சற் றரைகளுக்கும் காட்டோரங்களுக்கும் கொண்டுசெல்கின்றோம். வடகீழ்ப் பருவமழையும் சூறாவளியும் வெள்ளமும் வருவது அக்காலத்திலேயே. ஆகவே மாட்டுக்கு ஆபத்து மிகுந்த மாதங்களில் உரிமையாளர் வீட்டிலும் மாடு தொலைவிலும் இருக்கின்றன. மேய்ப்பவர் ஒரு கிழமை கழித்து வந்து சொல்லும்போது உடல் அழுகிவிட்டிருக்கும், அல்லது நரியும் காட்டுப்பன்றியும் தின்றிருக்கும்.

இதற்குப் பரிகாரம் மூன்று. முதலாவதாக, மாடுகள் இடம் மாற்றப்படுவதைக் காப்புறுதி செய்த நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிக்குக. பத்திரத்தில் எழுதிய இடத்துக்கு வெளியே இறந்த மாட்டுக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். இரண்டாவதாக, மேய்ப்பவரிடம் படம் எடுக்கக்கூடிய தொலைபேசி ஒன்று இருத்தல் நன்று. எவருக்கு அறிவிப்பதென்ற இலக்கங்களையும் எழுதிக் கொடுக்குக. மூன்றாவதாக, வெள்ள அபாய அறிவித்தல் வந்தவுடன் பட்டியை மேட்டுநிலத்துக்கு ஓட்டுக.

வெள்ளம் அடித்துச்சென்று உடலே கிடைக்காத மாட்டுக்கு இழப்பீடு பெறுதல் மிகக் கடினம். காணாமற் போனதும் களவு போனதும் பெரும்பாலான பத்திரங்களில் அடங்கா. ஆதலால் வெள்ளம் வடிந்தவுடன் உடல்களைத் தேடிப் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரிடம் முறையிட்டு அவருடைய எழுத்தைப் பெறுதல் அவசியம்.

வேறு நாடுகளில் இவ்விடர்ப்பாட்டுக்கு வேறு வழி கண்டுள்ளனர். மொங்கோலியாவில் 2006ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், ஒரு பிரதேசத்தில் அவ்வாண்டு இறந்த கால்நடைகளின் வீதம் குறித்த அளவைத் தாண்டினால் காப்புறுதி செய்தோருக்கு இழப்பீடு கிடைக்கும். கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010ஆம் ஆண்டு முதல், செய்மதி மூலம் புல்வெளியின் நிலையை அளந்து, வறட்சி மிகின் பணம் வழங்கும் முறை தொடங்கப்பட்டது. இம்முறைகளில் ஒவ்வொரு உடலையுங் காட்டவேண்டியதில்லை. நாமோ தனித்தனி மாட்டைக் காட்டியே இழப்பீடு கோரவேண்டியிருத்தலால், சான்றுகளைப் பேணுதல் நமது பொறுப்பாகின்றது.

இறப்பின் காரணமும் வைத்தியரின் சான்றும்

2022ஆம் ஆண்டில் மாடுகள் கூட்டமாக இறந்தபோது புதிய தொற்றுநோயோ எனப் பலரும் அஞ்சினர். மிருக வைத்தியர்கள் உடல்களைப் பரிசோதித்த பின்னரே கடுங்குளிரே காரணமென அறியப்பட்டது. கண்ணாற் கண்டு காரணங் கூறுதல் எளிதன்று என்பதற்கு இது சான்றாகும். காப்புறுதியிலும் காரணத்தைக் கூறவேண்டியவர் வைத்தியரே.

மழையிலும் காற்றிலும் ஒதுங்க இடமின்றி, போதிய தீனியுமின்றி மெலிந்த மாடுகளே குளிருக்கு எளிதில் இரையாகின்றன. கவனக்குறைவால் நேர்ந்த இறப்புக்கு இழப்பீடில்லை என்ற விதி பெரும்பாலான பத்திரங்களில் உண்டு. கிடுகினால் ஒரு பக்கம் மறைத்த கொட்டில் மாட்டைக் காப்பதுடன் கோரிக்கையையுங் காக்கும். தடுப்பூசியும் அத்தகையதே. கால்வாய் நோய், எருமைகளைத் தாக்கும் தொண்டையடைப்பான் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. ஊசி ஏற்றியதற்கான அட்டையைப் பத்திரத்துடன் சேர்த்து வைக்குக.

திடீரென இறந்த மாட்டின் மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக இரத்தம் வடியுமாயின் அதனை வெட்டவோ தோலுரிக்கவோ கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அந்நோய் மனிதருக்குந் தொற்றி உயிரைப் போக்கும். வைத்தியர் வரும்வரை எவரையும் அணுக விடலாகாது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. காப்புறுதிப் பத்திரத்தை வாசித்தறிந்த பின்னரே கைச்சாத்திடுக. எந்த இறப்பு அடங்கும், எது அடங்காது, எத்தனை மணி நேரத்துள் அறிவிக்கவேண்டும், நோயால் இறப்பின் எத்தனை நாட்களின் பின்னரே உரிமை தொடங்கும் என்பவற்றைக் கேட்டறிக.

2. மாட்டின் உரிமையைக் காட்டும் சீட்டு உங்கள் பெயரில் இருத்தல் வேண்டும். குறி சுடுதலையும் மாட்டுரிமையையும் 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டம் ஒழுங்குபடுத்துகின்றது. மாட்டை வாங்கியும் சீட்டை மாற்றாதவர் கோரிக்கையின்போது இடர்ப்படுவர்.

3. மாட்டின் முகம், இரு பக்கங்கள், குறி, காதுத் தகடு ஆகியவற்றைப் படம் எடுத்து வைக்குக. தகடு விழுந்தால் அன்றே அறிவித்துப் புதியது இடுவிக்குக.

4. நோய் கண்டவுடன் வைத்தியரை அழைக்குக. மருந்துச் சீட்டுகளையும் பற்றுச்சீட்டுகளையும் பாதுகாக்குக. மருத்துவம் செய்யாது விடப்பட்ட மாட்டுக்கு இழப்பீடு மறுக்கப்படுதல் உண்டு.

5. மாடு இறந்தால் முதலில் அறிவிக்குக, பின்னரே புதைக்குக. அறிவித்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் எழுதி வைக்குக.

6. தவணை முடியுந் திகதியைச் சுவரில் எழுதி வைத்து, அதற்கு முன் புதுப்பிக்குக. பெரும்போகத்தின் நடுவே தவணை முடிவடையாதவாறு பார்த்துக்கொள்ளுதல் நலம்.

பட்டி முழுவதற்கும் கட்டணஞ் செலுத்த இயலாதோர், வீட்டோடு நிற்கும் கறவைகளுக்கு மட்டுமேனும் காப்புறுதி செய்யலாம். அவற்றுக்குத் தகடிடுவதும் அவற்றைப் பராமரிப்பதும் எளிது. இழப்பின் வீட்டை உடனே தாக்குவதும் அவற்றின் இழப்பே.

கோரிக்கை மறுக்கப்படின்

மறுப்பினை வாய்ச்சொல்லாக ஏற்றுத் திரும்புதல் கூடாது. காரணத்தை எழுத்திற் கேட்டுப் பெறுக. விடுபட்ட பத்திரம் ஏதேனுமிருப்பின் அதனைச் சேர்த்து மேன்முறையீடு செய்க. காப்புறுதி செய்தது தனியார் கம்பனியாயின், அக்கம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். எழுதத் தெரியாதோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரின் உதவியை நாடலாம். அவ்வுதவியைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

முடிவுரை

மாட்டை இழந்த நாளில் மனம் கலங்கியிருக்கும். அன்று பத்திரங்களைத் தேடி அலைதல் எவருக்கும் இயலாது. ஆகவே மழை தொடங்குமுன், வயல் வேலை சற்று ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில், ஒரு கொப்பியையும் எழுதுகோலையும் எடுத்துக்கொண்டு பட்டிக்குச் செல்லுக. பாடசாலை செல்லும் பிள்ளையை உடன் அழைத்து, ஒவ்வொரு மாட்டையும் பார்த்து எழுதுவிக்குக. அன்றைய ஒரு மணி நேர வேலை, பின்னொரு நாள் ஒரு பசுவின் விலையில் ஒரு பங்கை உங்கள் கையிற் கொண்டுவந்து சேர்க்கும்.