குறை சொன்னால் வேலை மேம்படுமா?

பகுதி நேர வேலைக்குப் போகும் அண்ணனையோ அக்காளையோ கேட்டுப் பாருங்கள். மேற்பார்வையாளர் கூப்பிட்டாலே குறை சொல்லத்தான் என்பார்கள். அதனால் வேலை மேம்படுகிறதா?

அவ்ரஹாம் கிளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், பழைய ஆய்வுகளின் 607 முடிவுகளைத் திரட்டி 1996இல் இதை அலசினார்கள். ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடமே கருத்துச் சொல்வது சராசரியாக நன்மை தந்தது. ஆனால், மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் வேலைத்திறன் குறைந்திருந்தது! திட்டு மட்டுமல்ல, பாராட்டும் சில வேளை இப்படிச் செய்யும். கவனம் வேலையை விட்டுவிட்டு, 'என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்?' என்பதற்குத் தாவிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம்.

பின்னாளில் கிளூகர் வேறொரு முறையை முன்வைத்தார். இதில் மேற்பார்வையாளர் தீர்ப்புச் சொல்வதில்லை, கேட்கிறார். "இங்கே நீங்கள் உற்சாகமாக, சிறப்பாக வேலை செய்த ஒரு நாளைச் சொல்லுங்கள்." அன்று எது உதவியது, யார் துணை இருந்தார் என்று விவரமாக விசாரிக்கிறார். கடைசியாக, "அடுத்த வார வேலையில் அவையெல்லாம் இருக்கின்றனவா?" என்கிறார். இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. இல்லை என்றால், மாற வேண்டியது ஊழியர் மட்டுமல்ல, வேலை அட்டவணையும்தான்.

அதற்காக, கல்லாக் கணக்கு உதைத்தால் சும்மா இருக்க முடியாது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.