இயற்கைக் காய்கறி: முதல் பலன் யாருக்கு?

மருந்தடித்த கைகள்

இயற்கை விவசாயம் என்றதும் சாப்பிடுகிறவரின் உடல்நலத்தை மட்டும் பேசுகிறோம். மருந்தடிக்கிறவரின் உடல்தான் முதலில் காக்கப்படுகிறது என்பதே என் வாதம். மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவர்களில் நம் பெண்கள் ஏராளம். மூக்கில் ரத்தம், தோல் புண், நிறம் மாறி விழும் நகம் என்று அவர்கள் பட்டதை ஐரின் பெர்னாண்டஸின் தெனாகானித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பு 2002இல் அறிக்கையாக வெளியிட்டது. உள்ளே போனால் முறிவு மருந்தே இல்லாத பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு அதே ஆண்டில் தடை அறிவித்த அரசு, 2006இல் அதைத் தளர்த்தியது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1 அன்றுதான். அந்த இடைவெளியின் விலையைத் தொழிலாளர்களே கொடுத்தார்கள்.

கழுவினால் போதாதா?

சாப்பிடுகிறவருக்குப் பலனே இல்லையா? உண்டு, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2012இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சத்தில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பூச்சிக்கொல்லி எச்சம் தென்படும் வாய்ப்பு இயற்கை விளைச்சலில் குறைவாக இருந்தது. நன்றாகக் கழுவினாலே போதும் என்பார்கள் சிலர். இலைமேல் படிந்ததில் ஒரு பகுதி, ஓடும் நீரில் இலை இலையாகப் பிரித்து அலசினால் போகும். செடி உறிஞ்சிக்கொண்ட மருந்து அப்படிப் போகாது.

விலை என்ற தடை

இயற்கைக் காய்கறி வசதி படைத்தவர்களுக்குத்தான் என்ற குறை நியாயமானது. அதற்காக, மருந்துக்குப் பயந்து காய்கறியையே குறைப்பது பெருந்தவறு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் சுமார் 95 விழுக்காட்டினர் போதிய பழமும் காய்கறியும் உண்பதில்லை. நீரிழிவு மலிந்த நம் சமூகத்துக்கு காய்கறி குறைவது மருந்தின் எச்சத்தைவிட உடனடியான ஆபத்து. ஆகவே எல்லாவற்றையும் இயற்கையாக வாங்க வேண்டியதில்லை. கையிருப்புக்கு ஏற்ப, தோல் உரிக்க முடியாத கீரையில் தொடங்கலாம். கறிவேப்பிலையை அடுக்குமாடி வீட்டுத் தொட்டியிலேயே வளர்க்கலாம். கடைப்பலகையில் ‘ஆர்கானிக்’ என்று எழுதியிருப்பது மட்டும் சான்றாகாது. வேளாண்மைத் துறையின் ‘மைஆர்கானிக்’ முத்திரையைத் தேடுங்கள். ‘மைகேப்’ முத்திரை வேறு. அதில் கட்டுப்பாட்டோடு மருந்து அனுமதிக்கப்படுகிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கீரைக்கட்டைக் கையில் எடுக்கும்போது, எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, சான்றிதழ் உண்டா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் பலர் கேட்டால்தான் கடைக்காரர் மொத்தச் சந்தையில் கேட்பார்.