சுண்டெலிக் குடலில் ஒரு தொற்று

சிட்ரோபாக்டர் ரோடென்டியம், சுண்டெலிகளின் பெருங்குடலில் இயல்பாகவே நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. குடலின் உட்சுவர்ச் செல்கள் மேல் இது இறுக ஒட்டிக்கொள்கிறது. பிறகு தன் புரதங்களை அந்தச் செல்களுக்குள் செலுத்துகிறது. செல்லின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய விரல் நீட்சிகள் அழிந்து, பாக்டீரியா அமர்வதற்கு ஒரு பீடம் எழும்புகிறது. மனிதரிடம், குறிப்பாகக் குழந்தைகளிடம், கடும் வயிற்றுப்போக்கை ஏற்படுத்தும் சில ஈ.கோலை வகைகளும் இதே முறையில்தான் தாக்குகின்றன. ஆனால் அந்த ஈ.கோலை வகைகள் சுண்டெலிகளில் எளிதில் வேரூன்றுவதில்லை. எனவே குடல் தொற்றை உடல் எப்படி எதிர்கொள்கிறது என்று ஆராய்பவர்கள் பல ஆண்டுகளாகச் சிட்ரோபாக்டரையே நாடி வருகிறார்கள்.

ஆய்வகங்களில் மிகுதியாக வளர்க்கப்படும் கருநிறச் சுண்டெலி இனத்தில் இந்தத் தொற்றுக்கு ஒரு கால ஒழுங்கு உண்டு. முதல் வாரத்தில் பாக்டீரியா பல்கிப் பெருகுகிறது. ஏறக்குறைய பத்தாம் நாள்வரை உச்சத்தில் இருக்கிறது. மூன்று, நான்கு வாரங்களில் குடலைவிட்டு முற்றிலும் மறைந்துவிடுகிறது. வேறு சில இனச் சுண்டெலிகள் இதே கிருமிக்குப் பலியாகின்றன.

கருநிறச் சுண்டெலி பிழைத்துக்கொள்ள முதற்காரணம் இன்டர்லூக்கின்-22 என்னும் சமிக்ஞைப் புரதம். தொற்றின் தொடக்க நாட்களில், பிறவியிலேயே குடல் சுவரில் அமைந்த ஒருவகை நிணச் செல்கள் இதைச் சுரக்கின்றன. பிறகு டி செல்களும் சேர்ந்துகொள்கின்றன. இந்தப் புரதம் கிருமியை நேரடியாகக் கொல்வதில்லை. உட்சுவர்ச் செல்களுக்குத்தான் அது செய்தி சொல்கிறது. அவை காயத்தை ஆற்றிக்கொள்கின்றன. ரெக்3காமா போன்ற பாக்டீரியா எதிர்ப்புப் புரதங்களைக் குடலுக்குள் வெளியிடுகின்றன. இன்டர்லூக்கின்-22 மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள் சிட்ரோபாக்டர் தொற்றால் இறந்துபோவதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதற்கு அடுத்த கட்டத்தில் பி செல்கள் எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன.

இவ்வளவும் உடலின் சொந்தப் படை. ஆனால் குடலில் சுண்டெலியின் செல்கள் மட்டும் இல்லை. அங்கே நூற்றுக்கணக்கான வகைப் பாக்டீரியாக்கள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. அவற்றை அகற்றினால் என்ன ஆகும் என்பதை சிகாகோ பல்கலைக்கழகத்தில் மார்ஜரி போன்ஹாஃப், பிலிப் மில்லர் ஆகியோர் 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் சோதித்தார்கள். சாதாரணச் சுண்டெலிக்குச் சால்மொனெல்லா தொற்று ஏற்பட வாய்வழியே சுமார் 1,00,000 பாக்டீரியாக்கள் தேவைப்பட்டன. ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை ஒரேயொரு முறை கொடுத்த பிறகு, பத்துக்கும் குறைவானவையே போதுமாக இருந்தன. அந்த மருந்து சுண்டெலியின் நோயெதிர்ப்புச் செல்கள் எதையும் குறிவைக்கவில்லை. குடல்வாழ் பாக்டீரியாக்களைத்தான் அழித்தது. இந்த ஒரு முடிவே ஒரு துறைக்கு அடித்தளம் இட்டது என்று சொல்லலாம்.

குடல்வாழ் பாக்டீரியாக்கள் காப்பளிக்கும் வழிகளில் மிகவும் நேரடியானது உணவுப் போட்டி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோபுஹிகோ கமடா, கேப்ரியல் நூன்யெஸ் குழுவினர் 2012இல் இதைத் தெளிவாக்கினார்கள். நுண்ணுயிர் எதுவுமே இல்லாமல் தனிக் கூண்டுகளில் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு அவர்கள் சிட்ரோபாக்டரைக் கொடுத்தார்கள். வியப்பான விளைவு: சுண்டெலிகள் இறக்கவில்லை, கிருமியும் வெளியேறவில்லை. தாக்கும் மரபணுக்களை அடக்கிக்கொண்டு, சுவரைவிட்டு விலகி, குடலின் நடுவெளியில் அது அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்தது. சாதாரணச் சுண்டெலியில் நடப்பது வேறு. அங்கும் தொற்றின் பிற்பகுதியில் கிருமி சுவரைவிட்டு நடுவெளிக்கு வருகிறது. ஆனால் இலையெல்லாம் நிறைந்துவிட்ட பந்திக்குக் கடைசியாக வந்தவர் நிலைதான் அதற்கு. அதற்கு வேண்டிய எளிய சர்க்கரைகளை அதன் உறவினரான ஈ.கோலை ஏற்கெனவே தின்று தீர்த்திருக்கிறது.

இதே சோதனையின் இன்னொரு பகுதி இன்னும் அழகானது. பாக்டீராய்டிஸ் என்னும் குடல்வாழ் பாக்டீரியாவைச் சேர்த்தபோது சிட்ரோபாக்டர் வெளியேறவில்லை. பாக்டீராய்டிஸ் தாவர உணவிலுள்ள சிக்கலான மாவுப்பொருள்களையும் உண்ணக்கூடியது என்பதால் இரண்டுக்கும் சண்டையில்லை. சுண்டெலியின் உணவையே எளிய சர்க்கரைகள் மட்டும் கொண்டதாக மாற்றியதும், வேறு வழியின்றிப் பாக்டீராய்டிஸும் அதே சர்க்கரைக்குப் போட்டியிட்டது, சிட்ரோபாக்டர் குறைந்தது. எந்தப் பாக்டீரியா காப்பாற்றும் என்பதைச் சுண்டெலி என்ன சாப்பிடுகிறது என்பதும் தீர்மானிக்கிறது. 2015இல் அதே குழு எதிர்ப்பொருள்களின் பங்கையும் விளக்கியது: தாக்கும் மரபணுக்கள் இயங்கும் கிருமிகளை எதிர்ப்பொருள்கள் அடையாளம் கண்டு ஒழிக்கின்றன, அடங்கியவற்றைத் தொடுவதில்லை. சுவரில் ஒட்டியதை உடல் பார்த்துக்கொள்கிறது. நடுவெளிக்கு வந்ததைக் குடல்வாழ் பாக்டீரியாக்கள் பார்த்துக்கொள்கின்றன.

இரண்டாவது வழி நோயெதிர்ப்பு மண்டலத்தைப் பழக்குவது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் டான் லிட்மன் குழு ஒரு புதிரை எதிர்கொண்டது. ஒரே மரபினச் சுண்டெலிகளை ஜாக்சன், டாகோனிக் என்ற இரண்டு வளர்ப்பு நிறுவனங்களிடம் வாங்கினால், டாகோனிக் சுண்டெலிகளின் சிறுகுடலில் டிஎச்17 என்னும் டி செல்கள் நிறைந்திருந்தன. ஜாக்சன் சுண்டெலிகளில் மிகக் குறைவாகவே இருந்தன. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டபோது வேறுபாடு மறைந்தது. சுண்டெலிகள் ஒன்றன் புழுக்கையை மற்றொன்று தின்னும் வழக்கமுள்ளவை என்பதால் பாக்டீரியாக்களும் இடம் மாறின. காரணமான பாக்டீரியா, கணுக்கள் கொண்ட நூலிழை வடிவில் சிறுகுடல் சுவரில் ஒட்டி வாழும் ஒருவகை. 2009இல் வெளியான அந்த ஆய்வில், ஜாக்சன் சுண்டெலிகளுக்கு இந்த இழைப் பாக்டீரியாவைக் கொடுத்தபின் சிட்ரோபாக்டரைச் செலுத்தினால் தொற்றின் கடுமை குறைந்தது. நோய் செய்யாத ஒரு குடிவாசி, நோய் வருமுன்னே காவலைத் தயார்நிலையில் வைத்திருந்தது.

இந்தக் காவலுக்குத் தொடர்ந்து தூண்டுதல் தேவை. எரிக் பேமர் குழு 2008இல் காட்டியபடி, ஆன்டிபயாடிக் கொடுத்த சுண்டெலிகளின் குடலில் ரெக்3காமா குறைந்துவிடுகிறது. வான்கோமைசின் மருந்துக்கு அடங்காத என்டரோகாக்கஸ் கிருமி அங்கே செழிக்கிறது. உயிருள்ள பாக்டீரியாவைத் திருப்பிக் கொடுக்காமல், பாக்டீரியாவின் வெளிச்சுவரிலுள்ள ஒரு மூலக்கூற்றை மட்டும் வாய்வழியே கொடுத்ததிலேயே ரெக்3காமா மீண்டும் சுரந்தது, கிருமியும் குறைந்தது.

நோயெதிர்ப்பு எப்போதும் உடலுக்குச் சாதகமாகவே முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. குடல்வாழ் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடை உட்சுவர்ச் செல்கள் தயோசல்பேட்டாக மாற்றி நஞ்சு நீக்குகின்றன. சால்மொனெல்லாவால் அழற்சி மூண்டதும் அங்கே திரளும் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் கக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்தத் தயோசல்பேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றிவிடுகின்றன. குடல்வாழ் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு அதனால் பயனில்லை. சால்மொனெல்லாவோ அதைக் கொண்டு சுவாசித்து, பிறவற்றை முந்திப் பெருகுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லர் குழு 2010இல் இதைக் கண்டறிந்தது. உடல் கிருமிமேல் ஏவிய ஆயுதத்தையே கிருமி மூச்சாக்கிக்கொண்ட இந்த நிகழ்வு, அழற்சியை வெறும் தற்காப்பாகப் பார்த்துவந்த பார்வையைத் திருத்தியது.

குடல்வாழ் பாக்டீரியாக்களும் எல்லா நிலையிலும் நண்பர்களாக இருப்பதில்லை. நார்ச்சத்தே இல்லாத உணவை உண்ணும் சுண்டெலிகளில், நாரைத் தின்று வாழ்ந்த பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் கோழைப் படலத்தை அரிக்கத் தொடங்குகின்றன. படலம் மெலிந்த பிறகு சிட்ரோபாக்டர் சுவரை எளிதில் எட்டி, உயிருக்கே ஆபத்தான அழற்சியை உண்டாக்குகிறது. மகேஷ் தேசாய், எரிக் மார்ட்டென்ஸ் உள்ளிட்டோர் 2016இல் இதை வெளியிட்டார்கள். பாக்டீரியா வகைகள் மாறவில்லை, மாறியது அவற்றின் உணவு.

இந்த முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்துவது தவறு. மனிதக் குடல் பாக்டீரியாக்களை மட்டும் கொடுத்து வளர்த்த சுண்டெலிகளின் குடலில் டி செல்கள் போதுமான அளவு வளர்வதில்லை என்றும், அவை சால்மொனெல்லாவுக்கு எளிதில் ஆளாகின்றன என்றும் 2012இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் டென்னிஸ் காஸ்பர் குழு காட்டியது. பாக்டீரியாக்களின் எண்ணிக்கை நிறைந்திருந்தால் போதாது. அந்தந்த விலங்கோடு நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த பாக்டீரியாக்களே அதன் நோயெதிர்ப்பை முதிரச் செய்கின்றன.

ஆய்வு முறைக்கும் இதனால் ஒரு கடமை வந்திருக்கிறது. ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலி தொற்றில் நலிந்தால், காரணம் அந்த மரபணுவாகவும் இருக்கலாம், அது வளர்ந்த கூண்டின் பாக்டீரியாவாகவும் இருக்கலாம். ஒரே தாய்க்கு ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஒப்பிடாமலும், சுண்டெலிகள் எங்கிருந்து வந்தன, என்ன தின்றன என்று குறிப்பிடாமலும் வெளியிடப்படும் குடல் தொற்று ஆய்வை இனி நம்பகமானதாகக் கொள்ள இயலாது.