விதைநெல்லை விற்ற காடு

டில்லியில் இரவு ராணிக்கேத் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், விடியற்காலை காத்கோதாம் வந்துவிடும். 1884-ல் ரயில் எட்டிப் பிடித்த மலையடிவார ஸ்டேஷன் அது. 'காத்' என்றால் மரக்கட்டை. 'கோதாம்' என்றால் கிடங்கு. மலையில் வெட்டிய மரங்கள் வந்து குவிந்த இடம் என்பதால் அந்தப் பெயர். ரயில்வே குமாஸ்தாவான நான் எத்தனையோ முறை எழுதிய பெயர்தான். ஆனால் அந்த மரங்கள் என்ன ஆயின என்று கேட்கத் தோன்றியது, விடுமுறையில் அல்மோராவுக்குப் போனபோதுதான்.

பாதையின் இரு மருங்கிலும் வானளாவிய சீர் மரங்கள். பைன் இனத்தில் ஒரு வகை இது. நம் சென்னை ராஜதானியில் டாக்டராக இருந்து, பிறகு கல்கத்தா தாவரத் தோட்டத்தை நடத்திய வில்லியம் ராக்ஸ்பர்க்கின் பெயரைத் தாவர நூலார் இதற்குச் சூட்டியிருக்கிறார்கள். பேர்தான் சீர், பல மரங்களின் உடம்பு சீராக இல்லை. முறுக்கிய தேர்வடம் போல் பட்டை சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது.

உடன் வந்த அலுவலக நண்பர் அல்மோராக்காரர். "நேரான மரத்தை எங்கள் தாத்தாமார் வீட்டு உத்தரத்துக்கு வெட்டினார்கள். காண்டிராக்டர்கள் ரயிலுக்கு வெட்டினார்கள். யாருக்கும் வேண்டாதது இது" என்றார்.

தண்டவாளத்துக்கு அடியில்

அவர் சொன்னதில் உண்மை உண்டு. தேவதாரு கட்டை எளிதில் உளுத்துப் போகாது, சீர் அப்படியல்ல. கரையானும் ஈரமும் அதைத் தின்றுவிடும். ஆகவே 1920-களில் பஞ்சாபில் தில்வான் என்ற ஊரில் ஆலை அமைத்து, கட்டைக்குள் கிரியோசோட் எண்ணெயை அழுத்தமாகச் செலுத்தி ஸ்லீப்பர் ஆக்கினார்கள். ஆனால் நார் திருகிய மரத்துக்கு எந்த எண்ணெயும் உதவாது. அறுத்த பலகை காயக் காயத் தானும் திருகும், வெடிக்கும். ஆகவே கோடரி நேர் மரத்தையே தேடிப் போயிற்று.

விதை எங்கிருந்து?

இந்த மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றுகின்றன. வசந்த காலத்தில் மஞ்சள் மகரந்தம் காற்றில் பறக்கும். பெண் காய் முற்றி வெடிக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆகும். பிறகு கோடையில் சிறகு முளைத்த விதைகள் பறந்து விழுந்து, மழையில் முளைக்கும். நிழலில் இது வளராது, வெட்டவெளி வேண்டும். நேர் மரங்களை வெட்டி வெளியாக்கிய இடத்தில், மிஞ்சி நின்ற திருகு மரங்களின் விதைகளே விழுந்தன.

டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹாரி சாம்பியன் என்ற அதிகாரி, 1920-களில் இதை ஆராய்ந்தார். மண்ணும் காயமும் காரணமா, பரம்பரையா என்பதே கேள்வி. திருகு மரத்தின் விதையில் திருகிய கன்றுகள் கூடுதலாக வருவதை அவர் கண்டார். அதன் பிறகு, நேராகவும் உயரமாகவும் வளர்ந்த தாய் மரங்களைத் தேர்ந்தெடுப்பது, அவற்றின் கிளைகளை ஒட்டுக் கட்டி விதைத் தோட்டம் அமைப்பது என்று வேலை நடந்தது. ஆனால் சீர் மரம் வெட்டும் பருவம் அடைய நூறு ஆண்டுக்குக் குறையாது. தாத்தா செய்த பிழையைப் பேரன் ஒரே ஆயுளில் திருத்திவிட முடியாது.

இன்று கான்கிரீட் ஸ்லீப்பர் வந்துவிட்டது. மலையில் 1000 மீட்டருக்கு மேல் பச்சை மரம் வெட்ட 1981-ல் தடையும் வந்தது. கோடரி ஓய்ந்தாலும், காட்டில் நிற்பது எதுவோ அதன் விதைதான் விழும். ஆகவே புதிதாக நடுகிறவர்கள், கைக்கெட்டிய காயைப் பறிக்காமல், எந்த மரத்தின் காய் என்று பார்த்துப் பறிக்க வேண்டியிருக்கிறது.

தஞ்சையானாலும் நெல்லையானாலும், நம் வீட்டுப் பெரியவர்கள் அறுவடையில் நல்ல கதிரைத் தனியே எடுத்து விதைக்கு வைப்பார்கள். பஞ்சத்திலும் விதைநெல்லைத் தொடமாட்டார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போனதில்லை. அந்தக் காட்டை ஏலம் விட்டவர்களோ பெரிய படிப்பு படித்தவர்கள்.