இணைய விளையாட்டுகளிற் பொட்: கிளைடர் வழக்கு

விளையாட்டுப் பொட் என்றால் யாது எனக் கேட்டால், அது ஒரு வைரசு எனச் சில மாணவர் எழுதிவிடுகின்றனர். இது பிழையாகும். வைரசு தானாகப் பிரதியாகிப் பரவும். விளையாட்டுப் பொட்டோ, விளையாடுபவர் தாமே விரும்பி நிறுவும் ஒரு செய்நிரல். அவருக்குப் பதிலாக அது விளையாடும். எமது ஊர்ப் பேச்சில் 'அளாப்புதல்' என்கிறோமே, அதுதான்.

2004 இல் ஐக்கிய அமெரிக்காவின் பிளிசாட் நிறுவனம் வெளியிட்ட 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராப்ட்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். இதில் ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகில் ஒன்றாக விளையாடுவர். மேல்நிலையை அடைய நீண்டகாலம் ஒரே வகையான சண்டைகளைச் செய்ய வேண்டும். 2005 இல் விற்பனைக்கு வந்த 'கிளைடர்' எனும் பொட், உரியவர் உறங்கும்போதும் இதனைச் செய்தது. விளையாட்டின் தரவுகளைக் கணினியின் நினைவகத்திலிருந்து வாசித்து, சுட்டியையும் விசைப்பலகையையும் மனிதர் இயக்குவது போன்ற சமிக்ஞைகளை அனுப்பியது. ஏறத்தாழ 120,000 உரிமங்கள் விற்பனையாயின. நேர்மையாக விளையாடியோர் சும்மா இருப்பார்களா? 2008 மார்ச் வரை பொட்கள் பற்றி 465,000 முறைப்பாடுகள் கிடைத்ததாக நிறுவனம் கூறியது.

2005 இல் பிளிசாட் 'வோர்டன்' எனும் கண்காணிப்பு மென்பொருளைச் சேர்த்தது. இது நினைவகத்தைச் சோதித்து, முன்னரே அறியப்பட்ட பொட்களின் அடையாளங்களைத் தேடும். கிளைடர் பயனர் பலர் அகப்பட்டுத் தடைசெய்யப்பட்டனர். உடனே விற்பனையாளர் செய்நிரலை மாற்றியமைத்தார். பழைய அடையாளம் பயனற்றுப் போயிற்று. நினைவகச் சோதனையின் குறைபாடு இதுவே. ஆகவே சேவையகத்திலும் நடத்தை ஆராயப்படுகின்றது. ஒரே பாதையில், ஒரே கால இடைவெளியில், இருபது மணித்தியாலம் ஓய்வின்றி விளையாடுபவர் மனிதராக இருப்பது அரிது. செய்நிரலை எப்படி மாற்றினாலும் இதனை மறைப்பது கடினம்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 2009 இல் விற்பனை தடைசெய்யப்பட்டது. 2010 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பைக் கவனமாக வாசியுங்கள். பலர் தடுமாறும் இடம் இது. பொட் பாவித்தல் பயனர் ஒப்பந்தத்தை மீறுவதாகும். எனினும் அதனால் மட்டும் பதிப்புரிமை மீறப்படுவதில்லை, ஏனெனில் பொட் விளையாட்டைப் பிரதி செய்து விற்கவில்லை. ஆனால் வோர்டன் எனும் பாதுகாப்பைத் தாண்டிச் செல்வதற்கான கருவியை விற்றமை, 1998 ஆம் ஆண்டின் அமெரிக்க இலக்கமுறைப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு முரணானது எனத் தீர்க்கப்பட்டது.